பொதுச்சுவருக்கு முட்டை அட்டை

கோழிப்பண்ணை வெச்சிருக்கேன்னு நெனச்சீங்களா? இல்லீங்க. பேக்கரியும் இல்லை. நாமக்கல்லுல ஏறினதுலயிருந்து என் மடியில இருக்கற இந்த முட்டை அட்டைக் கட்டுகளையே பாத்துக்கிட்டு வர்றீங்க. கேக்கலாமா வேண்டாமான்னு வாயைத் தொறக்கறீங்க, மூடறீங்க. கேளுங்க, தப்பில்லை. ஆனா என் மூஞ்சியைப் பாத்துக் கேட்டுருங்க. சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டுப் பேசினா எனக்குப் பிடிபடாது.

மில்லுக்காரன் பழக்கம்ங்க அது. ஸ்பின்னிங் மில்லு. மெசின் ஓடறப்ப நடுவுல நின்னுக்கிட்டுப் பக்கத்தாள் காதுல வாயை வெச்சுக் கத்தினாலும் கேக்காது. அதனால நாங்க காதை நம்பறதில்லை. வாயசைவைப் பாத்துக்குவோம், கையைக் காட்டிக்குவோம். நூல் அறுந்துச்சுன்னா ஒரு சைகை, டீ வந்துச்சுன்னா ஒரு சைகை, சூப்பர்வைசர் வந்தா ஒரு சைகை. அதைக் காட்ட முடியாதுங்க, முன் சீட்டுல பொம்பளைங்க இருக்காங்க.

என்ன கேட்டீங்க? ஆமாங்க, வெறும் அட்டைதான். சுவத்துல ஒட்டறதுக்கு. பக்கத்து வீட்டுச் சத்தம் வராம இருக்கறதுக்கு.

சிரிக்காதீங்க. பாட்டு பதியற ரூமுல இதைத்தான் ஒட்டுவாங்களாம். மொபைல்ல ஒருத்தன் போட்ட வீடியோவைப் பாத்தேன். காதுல ஒயரை மாட்டி முழு சவுண்டு வெச்சும் அந்தாளு பேசினது வெளங்கலை, இங்கிலீசு வேற. ஆனா கை காட்டினது புரிஞ்சுது. இந்தக் குழி இருக்குது பாருங்க, இதுக்குள்ள சத்தம் போச்சுன்னா வெளிய வர வழி தெரியாம அங்கயே சுத்திச் சுத்திச் செத்துப் போயிருமாம். எங்கூர் பழைய பேப்பர் கடையில கேட்டா நைஞ்சதும் நாறினதுமாத் தர்றான். அதான் இன்னைக்கு லீவுன்னு நாமக்கல்லுக்கே வந்துட்டேன். முட்டை ஊருக்கு வந்துட்டு முட்டை வாங்காமப் போற ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்.

இதை ஒட்டி முடிச்சாத்தாங்க நான் என் வீட்டுக்குள்ள போக முடியும். என் சம்சாரம் பாக்கியம் அப்படித்தான் சொல்லியிருக்கறா. அவ சுவத்துக்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இப்ப அதுதான் எங்க குடும்பம்.

இருங்க, மொதல்லயிருந்து சொல்றேன். இல்லைன்னா என்னைக் கிறுக்கன்னு நெனச்சுக்குவீங்க.

என் பேரு நாச்சிமுத்து. அவினாசிப் பக்கம். கல்யாணமான காலத்துலயிருந்து ராத்திரி ஷிப்டுதான். ஊரு படுக்கறப்ப நான் சைக்கிளை எடுக்கறேன், ஊரு பல்லு வெளக்கறப்ப நான் படுக்கறேன். குழந்தை குட்டி இல்லீங்க. அவளும் நானும்தான். பாக்கியம் ஒருதடவை சொன்னா: "நமக்கு ஒரு பாய் போதும்ங்க. நான் எந்திரிச்சா நீங்க படுக்கறீங்க, நீங்க எந்திரிச்சா நான் படுக்கறேன். லாட்ஜுல ரூம் எடுத்தாப்பல இருக்குது." தமாசுக்குத்தான் சொன்னா. தமாசாத்தான் சொல்லியிருப்பா.

நாங்க இருக்கறது லைன் வீடு. ஒரே கூரை, வரிசையா வீடுக. எங்க வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு, பொதுச்சுவரு. அவங்க அந்தப் பக்கம் ஆணி அடிச்சா எங்க சாமி படம் இந்தப் பக்கம் தலையாட்டும். அந்த வீட்டுல தாமோதரண்ணன், கரண்டாபீசுல ஒயர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவரு சம்சாரம் கோமதி அக்கா, இட்லி மாவு அரைச்சு லைன் பூராவும் குடுக்கறவங்க. நல்ல மனுசங்க. அதை நான் எங்கயும் மறுத்துப் பேசினதில்லை. நல்ல மனுசங்க, ஆனா சத்தம்.

மாசி மாசம் ஆரம்பிச்சுதுங்க. காலையில ஷிப்டு முடிஞ்சு வந்து, சோத்தைத் தின்னுட்டுத் தலையைச் சாய்ச்சேன். ஙொய்ய்ய்ங். கொசு மாதிரியும் இருக்குது, மோட்டார் மாதிரியும் இருக்குது. சரியாச் சொல்லோணும்னா, எங்க மில்லைத் தூக்கிட்டுப் போயி நாலு ஊரு தள்ளி வெச்சு ஓட்டினா எப்படிக் கேக்குமோ, அப்படி. கண்ணை மூடினா கூடுது, தொறந்தா கொஞ்சம் கொறையுது. கிரைண்டர்தான்னு போயிச் சொன்னேன்.

"அக்கா, கிரைண்டரைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாங்களா?"

"ஐயோ, தூங்கற மனுசனைக் கெடுத்துட்டனா"ன்னு அன்னைக்கே பின்னால தொவைக்கற கல்லு கிட்டக் கொண்டுபோய் வெச்சுட்டாங்க. மறுநாள் படுத்தேன். ஙொய்ய்ய்ங். எந்திரிச்சுப் போனேன்.

"அக்கா, உங்ககிட்ட இன்னொரு கிரைண்டர் இருக்குதுங்களா?"

"இன்னொரு புருசன் இருக்கறாரான்னு கேக்கறாப்பல கேக்கறீங்களே தம்பி"ன்னாங்க. உள்ள தாமோதரண்ணன் சிரிச்சாரு. சிரிப்பா இருக்குது அவங்களுக்கு.

ஆனா ஒண்ணு சொல்லோணும், அவங்களும் சும்மா இருக்கலை. கிரைண்டரைக் கோமதி அக்கா தன் கூடப்பொறந்தவங்க வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. நிக்கலை. பகல்ல பிரிட்ஜை நிறுத்தினாங்க, பால் திரிஞ்சு போச்சு. நிக்கலை. பங்குனி வெயில்ல பேனை நிறுத்திட்டு ரெண்டு பேரும் அட்டையில விசிறிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நிக்கலை. சுவத்துக் கடியாரத்தைக் கழட்டிப் பொட்டியில வெச்சாங்க, கோமதி அக்கா கொலுசைக் கழட்டினாங்க. நான் சொன்னனா? சொல்லலை. அவங்களாக் கழட்டினாங்க. அப்பறம் கடைசியா ஒருநாள் தாமோதரண்ணன் எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கறாரு, கையில பீஸ் கட்டை. மீட்டர்ப் பொட்டியிலயிருந்து புடுங்கி எடுத்துட்டே வந்துட்டாரு.

"இந்தா நாச்சிமுத்து. இப்ப எங்க வீட்டுல ஒரு பல்பு கூட எரியாது. இதைத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கு. எந்திரிச்சதும் குடு, எனக்கு நியூஸ் பாக்கோணும்."

வெச்சுக்கிட்டுப் படுத்தேனுங்க. தலகாணிக்கு அடியில பீஸ் கட்டை. தலகாணிக்கு மேல ஙொய்ய்ய்ங்.

நீங்களே சொல்லுங்க, ஒரு மனுசன் என்ன நெனப்பான்? அவரு கரண்டாபீசுக்காரரு. கம்பத்துலயிருந்து நேரா கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்டு இழுக்கத் தெரியாதா அவருக்கு? கேட்டுட்டேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு. "சர்வீஸ் பூராவும் கொக்கி போட்டவனைப் புடிச்சவன்டா நானு. என்னைப் பாத்தா கேக்கற?"ன்னாரு. புடிச்சவருக்குத்தாங்க போடத் தெரியும். அதைச் சொல்லலை. பாக்கியம் கையைப் புடிச்சு உள்ள இழுத்துட்டா.

என்னங்க கண்டக்டர்? டிக்கெட்டா? எடுத்தாச்சே. மெதுவாப் பேசறதா? மெதுவாத்தான பேசிட்டு வர்றேன்? பாருங்க, எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. முட்டை அட்டையைப் பாத்ததே இல்லையா இவங்கெல்லாம்?

சரி. இனி அவங்களைச் சொல்லிப் பிரயோசனமில்லை, நாமதான் அடைக்கோணும்னு எறங்கினேன். பஞ்சுல பொறந்து பஞ்சுல வளந்தவன் நானு. மில்லுல வேஸ்ட் பஞ்சு வாங்கி, சாக்குல அமுத்திச் சுவத்தோரம் அடுக்கினேன். பத்தலை. முன்னால பிளைவுட்டு வெச்சு அடிச்சேன். பத்தலை. அதுக்கு முன்னால பழைய மெத்தை. அதுக்கு முன்னால இன்னொரு வரிசைச் சாக்கு. ஒவ்வொரு தடவையும் சாமி படத்தைக் கழட்டி முன்னால மாட்டுவேன். சாமியை மறைக்கக் கூடாதில்லீங்களா? கடைசியில சாமி நடு வீட்டுக்கே வந்துட்டாரு. சோறு திங்கறப்ப எங்களுக்கு நடுவுல நிக்கறாரு. சுவிட்சுப் பலகை பஞ்சுக்குள்ள போயிருச்சு. லைட்டுப் போடோணும்னா கையை முழங்கை வரைக்கும் உள்ள விட்டுத் துழாவோணும், மாட்டுக்குப் பிரசவம் பாக்கற மாதிரி. கட்டில் கொள்ளாம வாசல்ல நிறுத்தினேன். அப்பறம் பாயை விரிச்சா கதவு தொறக்காது, கதவைத் தொறந்தா பாய் விரியாது.

அமைதின்னா அப்படி ஒரு அமைதிங்க. வெளிய குடிதண்ணி வண்டி வந்தது தெரியலை. பக்கத்துல இடி விழுந்தாக் கூடத் தெரியாது. அந்த அமைதியில படுத்தேன். ஙொய்ய்ய்ங்ங்ங். முந்தியை விடச் சத்தமா! மத்த சத்தமெல்லாம் வழியை விட்டதும், அது ஜம்முன்னு காலை நீட்டிக்கிட்டுது.

பாக்கியத்துக்கு இருமல் வந்துச்சு. "மில்லுக்குப் போறது நீங்க. பஞ்சு இருமல் எனக்கா?"ன்னா. அப்பத்தான் அந்தப் பேச்சை எடுத்தா.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிக் காதைக் காட்டிட்டு வரலாமா?"

"யாரு காதை?"

"உங்க காதைத்தான்."

"யாருக்கும் கேக்காத சத்தம் எனக்குக் கேக்குது. அப்ப யாரு காது நல்ல காது?"

"மில்லுல கேக்குதா?"

"இல்லை."

"அங்க மெசின் சத்தத்துல கேக்காதுங்க."

"காதுல கோளாறுன்னா மில்லுலயும் கேக்கோணுமில்ல? காதை என்ன வீட்டுல கழட்டி வெச்சுட்டா ஷிப்டுக்குப் போறேன்?"

நியாயத்துக்கு முன்னால யாரு பேச முடியும்? மறுநாள் நான் ஷிப்டு முடிஞ்சு வர்றேன், அவ துணிமணியை ஒரு பையில போட்டுக்கிட்டுக் கோமதி அக்கா வீட்டுல போய் இருந்துக்கிட்டா. எங்க வீட்டுல மூச்சு விட முடியலையாம். சுவத்துக்கு அந்தப் பக்கம். எதிரி பக்கம்.

வாசல்ல நின்னு கேட்டேன். "அங்க சத்தம் எப்படி இருக்குது?"

"ஒரு சத்தமும் இல்லீங்க. நீங்க பேசறதுதான் கேக்குது. பகல் பூராவும் கேக்குது. ஒத்தையா இருந்துக்கிட்டு யாருகிட்டங்க பேசறீங்க?"

"சாமிகிட்ட. பக்கத்துலதான நிக்கறாரு."

சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கலை. உள்ள போயிட்டா.

ஈரோடு வந்துருச்சா? டீ குடிக்க நிறுத்தறானாட்டத் தெரியுது. நீங்க குடிக்கறதுன்னாக் குடிச்சுட்டு வாங்க, நான் அட்டையை விட்டுட்டு எறங்க முடியாது. இல்லையா? சரி, அப்ப உக்காருங்க.

இருங்க இருங்க. உங்க பையில என்னங்க இருக்குது?

இல்லை, தப்பா எடுத்துக்காதீங்க. மோட்டார், பேட்டரி, ஏதாச்சும்? டிபன் பாக்ஸா? வெறும் டிபன் பாக்ஸா? கொஞ்சம் தொறந்து காட்டுங்களேன். தயிர்சாதம். சரி, மூடிக்குங்க. இஞ்சினை நிறுத்தினதும் கேட்டுதுங்க. அதே சத்தம். உங்களுக்குக் கேக்கலையா? முன் சீட்டம்மாவுக்கு? அவங்களுக்கும் கேக்கலையா?

பாருங்க, பஸ்ஸைக் கெளப்பினான், நின்னு போச்சு. ஈரோட்டுலயும் எவனோ ஓட்டறான். ஊரு பூராவும் ஓட்டறானுங்க, யாரு கேக்கறது? எங்க விட்டேன்?

ஆ, சித்திரையில தாமோதரண்ணன் மகளுக்குப் பிரசவம்னு ரெண்டு பேரும் ஓசூருக்குக் கெளம்பினாங்க. வர ரெண்டு மூணு மாசம் ஆகும். போறப்ப அவரு சாவியை என் கையில குடுத்தாரு. "நீயே உள்ள போய்ப் படு நாச்சிமுத்து. எந்த மெசின் ஓடுதுன்னு நீயே கண்டுபுடி. கண்டுபுடிச்சா எனக்குப் போன் பண்ணு, நானும் தெரிஞ்சுக்கறேன்." எவ்வளவு பெரிய மனசு பாருங்க. இல்லைன்னா எவ்வளவு பெரிய தைரியம்.

தேடினேனுங்க. பரண்ல ஏறினேன். அரிசி டின்னுக்குள்ள கையை விட்டுப் பாத்தேன். பீரோவுக்குப் பின்னால, தண்ணித் தொட்டிக்குள்ள. ஒண்ணுமில்லை. சரின்னு சுவத்தோரம் படுத்தேன். ஙொய்ய்ய்ங். எந்தப் பக்கத்துலயிருந்து வருதுன்னு கவனிச்சேன். இந்தப் பக்கம் இல்லீங்க. சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருது. அந்தப் பக்கம் யாரு வீடு? என் வீடு!

எந்திரிச்சு ஓடினேன். அங்க பாத்தா பாக்கியம் திரும்பி வந்து, முந்தானையை மூக்குல கட்டிக்கிட்டுப் பஞ்சையெல்லாம் அள்ளி வாசல்ல எறிஞ்சுட்டிருக்கறா. தெருவே வெள்ளையாப் பறக்குது. சாமி பழையபடி சுவத்துக்குப் போயிட்டாரு.

"என்ன பாக்கியம், உள்ள என்ன மெசின் ஓட்டற?"

"மெசினா? உங்களைத்தான் இத்தனை வருசமா ஓட்டிட்டிருக்கறேன். அதுவே இழுக்க மாட்டேங்குது." கையிலிருந்த சாக்கைக் கீழ போட்டா. கண்ணெல்லாம் சிவந்து கெடக்குது. பஞ்சுத் தூசின்னு நெனைக்கறேன். "இங்க பாருங்க. ஒண்ணு, எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. இல்லைன்னா அந்தப் பக்கமே இருந்துக்குங்க. சத்தம் நின்னுபோச்சுன்னு என்னைக்குச் சொல்றீங்களோ, அன்னைக்கு இந்தப் படியேறுங்க."

அதுனால நான் அந்தப் பக்கமே இருக்கறேன். அதுனாலதான் இந்த அட்டை. இந்தத் தடவை அவங்க பக்கத்துலயிருந்து ஒட்டறேன். சத்தம் நின்னுரும். நின்னதும் போய்ச் சொல்லுவேன்: பாத்தியா, காது இல்லை, சுவருதான். அப்பறம் நான் வீட்டுக்குப் போயிருவேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. காலையில நான் வர்றப்ப அவ எந்திரிப்பா பாருங்க, அப்ப பாயில ஒரு சூடு இருக்கும். அதுல போய்ப் படுக்கோணும். அந்தச் சூட்டுலதான் இத்தனை வருசம் தூங்கியிருக்கறேன். கோமதி அக்கா வீட்டுப் பாய் ஐஸ் மாதிரி இருக்குது, சித்திரை வெயில்ல கூட.

சாப்பாடா? சாப்பாட்டுக்குக் கொறையில்லை. கோபம் வேற, சோறு வேறன்னு பாக்கியம் தெளிவா இருக்கறா. மொதல்ல வாசல்ல நின்னு கூப்புட்டாளாம். நான் வரலையாம். போன் அடிச்சாளாம், அடிச்சுக்கிட்டே இருந்தாளாம். அடிக்கவே இல்லீங்க அது. ஒருநாள் நான் சுவத்தோட எந்த எடத்துலயிருந்து சத்தம் வருதுன்னு பாக்கறதுக்கு உள்ளங்கையை வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தேன். கையில வந்து டொக் டொக்குன்னு ஒண்ணு இடிச்சுது.

கேக்கலீங்க. கையில வந்துச்சு. மில்லுல ஓடற மெசின்மேல கையை வெச்சா, எங்க தேஞ்சிருக்குதுன்னு கை சொல்லும். அந்த மாதிரி. போய்ப் பாத்தா அவ பூரிக்கட்டையை வெச்சுச் சுவத்தைத் தட்டிட்டிருக்கறா. தட்டு நிறையச் சோறு, பக்கத்துல பருப்பு.

அதுலயிருந்து அதுதான் வழக்கம். மத்தியானம் எந்திரிச்சதும் சுவத்துல கையை வெச்சுக்கிட்டு நிப்பேன். கோபத்துல தட்டினா ஒரு மாதிரி இடிக்கும், சும்மாத் தட்டினா ஒரு மாதிரி. பழகிப் போச்சு. போன வாரம் பாருங்க, சோத்து நேரமெல்லாம் போயி, ராத்திரி. ஷிப்டுக்குக் கெளம்பறதுக்குச் சட்டையைப் போட்டுக்கிட்டுச் சுவத்துல சாஞ்சு நிக்கறேன், முதுகுல ஒரு தட்டு. என்னத்துக்குன்னு தெரியலை. நான் கைமுட்டியால ஒண்ணு தட்டினேன். அவ ஒண்ணு தட்டினா. நான் ரெண்டு தட்டினேன். அவ ரெண்டு. அப்படியே போச்சுங்க. சட்டைப் பொத்தானைப் போடாம நின்னுட்டிருக்கறேன். கட்டிக்கிட்ட நாள்லயிருந்து நாங்க அவ்வளவு நேரம் சேந்தாப்பலப் பேசிக்கிட்டதே இல்லை. அன்னைக்கு ஷிப்டுக்கு லேட்டு. மில்லு கேட்டுல திட்டினாங்க. என்ன திட்டினாங்கன்னு நான் பாக்கலை.

என்னங்க? சன்னலைப் பாத்துக்கிட்டுச் சொல்லாதீங்க, இந்தப் பக்கம் திரும்புங்க.

அட்டையை ஒட்டிட்டா அந்தத் தட்டு எப்படி வரும்னா?

அதான் சொன்னனே, சத்தம் இதுக்குள்ள போச்சுன்னா சுத்திச் சுத்தி...

இருங்க.

வராதுங்க. தட்டினாலும் இதுக்குள்ளயே நின்னுரும். அவ பாட்டுக்குத் தட்டிட்டு நிப்பா. நான் இந்தப் பக்கம் சத்தம் நின்னுருச்சுன்னு சந்தோசமா உக்காந்திருப்பேன்.

யோசிக்கலை பாருங்க. அத்தனை தூரம் வந்து, அத்தனை கட்டு வாங்கி, இதை யோசிக்கலை.

சரி, ஒண்ணு பண்றேன். ஒரு அட்டையில மட்டும் கை வெக்கற அளவுக்கு வெட்டி எடுத்துடறேன். நெஞ்சு ஒசரத்துல, நான் நிக்கற எடத்துல. என்ன சொல்றீங்க? அந்த ஓட்டை வழியா அந்தச் சத்தமும் வந்துருமா?

வருமுங்க. வழி இருந்தா வராம இருக்குமா?

வரட்டும்.

பேனா வெச்சிருக்கறீங்களா? குடுங்க. இந்த அட்டையை ரெண்டு கையாலயும் அமுத்திப் புடிச்சுக்குங்க, என் கையை வெச்சு வரைஞ்சுக்கறேன். குழியும் மேடுமா இருக்குது, கோடு நேரா வராது. பஸ்ஸு வேற குலுக்கறான். பரவாயில்லைங்க, விடுங்க, கொஞ்சம் பெருசாவே விழுகட்டும்.